கேரட் தோட்டத்தில் பெரிய பைனாகுலர்

மன்னவனூருக்கு மேலே ஒரு கேரட் தோட்டத்து வரப்பில் முக்காலியை நிறுத்தி, பிறந்த குழந்தையின் கனம் இருக்கும் பைனாகுலரை அதில் மாட்டுகிறேன். மணி ஏழு. கீழே நான் தங்கியிருக்கும் காட்டேஜில் ‘நட்சத்திர இரவு’ நடக்கிறது. நட்சத்திரம் பார்க்க வந்தவர்களை மகிழ்விக்க மரத்துக்கு மரம் சீரியல் பல்பு கட்டியிருக்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்குத் தப்பித்தான் இங்கே ஏறி வந்தேன்.

தோட்டத்தின் சொந்தக்காரர் முருகேசன் குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், இதில் உள்ளது உள்ளபடி தெரியும், இரண்டு கண்ணாலும் பார்க்கலாம் என்று அவர் கேட்காமலே விளக்குகிறேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு நேரே திருப்பிவைத்து அவரைப் பார்க்கச் சொல்கிறேன்.

“நல்லாருக்குங்க” என்கிறார், மரியாதைக்கு. பிறகு பைனாகுலரை மெல்லக் கீழே சாய்த்து, ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் நிறுத்துகிறார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“என்ன தெரியுது?”

“எம் மச்சானுங்க. அவரு தோட்டத்துல மேஞ்ச காட்டு மாட்ட டார்ச் அடிச்சு எங்க பக்கம் பத்தி விடுறாரு.”

எனக்குத்தான் ஆத்திரம் வருகிறது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

“உங்களுக்குக் கோவமே வரலையா?”

“நேத்து நாந்தானங்க அங்கிட்டுப் பத்தி விட்டேன். நீங்க வெரசா முக்காலிய மடக்குங்க. அது இந்த வரப்பு வழியாத்தான் ஏறி வரும்.”