இங்கனதான் வலிக்குது

மதினியின் சுட்டுவிரல் இன்றைக்கும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வலது விலாவுக்குச் சற்றுக் கீழே, சேலைக்கு மேலாக ஓர் இடத்தில் அதை ஊன்றி, "இங்கனதான் வலிக்குது அத்தே, இங்கன மட்டுந்தான்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். விரல் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள். விரல் காட்டிய இடத்தை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எழுபதுகளின் கடைசி அது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், வானம் பார்த்த பூமி. அண்ணனுக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறையில் வேலை, வாரத்துக்கு ஒருதரம்தான் வீட்டுக்கு வருவான். பசுமலையில் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்திருந்தேன். மதினிக்கு ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. காலையில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"சூட்டு வலி" என்றாள் என் அம்மா, அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே. எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சிக்கு எந்த வலி வந்தாலும் முதலில் வைக்கிற பேர் அதுதான். சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார்கள். வலி குறைந்தால் சூட்டு வலி, கூடினால் பிரசவ வலி. மூன்றாவதாக ஒரு வலி உண்டு என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. மதினி கசாயத்தைக் குடித்தாள், குடித்த வேகத்தில் வாந்தியெடுத்தாள். "பிள்ளைக்கு முடி முளைக்குது, அதான் குமட்டுது" என்றாள் அம்மா. நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் அடிக்கிறது என்று நான் கத்தினேன். "சூட்டு வலின்னா ஒடம்பு சுடாம குளுருமாக்கும்? நாலு பெத்தவ சொல்றேன், கல்யாணமாகாத கழுத உனக்கு என்னடி தெரியும்?" தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாயிற்று. எதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது, அதுதான் பெரிய தொல்லையே.

மதியம் நான் பிடித்த பிடிவாதத்தில், ஊரில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் வந்தார். அடிவயிற்றில் வலப்பக்கம் அமுக்கிப் பார்த்தார். "வலிக்குதா?" "அங்கன இல்ல சார், இங்கன." அவர் கையைப் பிடித்து மேலே இழுத்து வைக்காத குறைதான். "குடல்வாலா இருந்தா இங்க தொட்டாலே துள்ளணும். ஒண்ணுமில்லம்மா, வாயுதான்" என்று ஒரு மருந்துப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அம்மா முகத்தைப் பார்க்கணுமே! "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்று வாசல்வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்தபோது மதினியால் எழுந்து நிற்க முடியவில்லை. தகவல் கிடைத்து அண்ணன் வாடகைக் காரோடு வந்தான். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த லேடி டாக்டர் விரல் இருந்த இடத்தில் நேராகக் கை வைத்தார். மதினி போட்ட அலறலில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது. எப்போதிலிருந்து வலி என்று கேட்டதற்கு, நேற்றுக் காலையிலிருந்து என்று நான் சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார். "பிள்ளை வளர வளர உள்ள இருக்கிறதெல்லாம் இடம் மாறும்மா. இரைப்பை மேல ஏறும், மூச்சு முட்டும், குடலெல்லாம் ஒதுங்கி வழிவிடும். குடல்வாலும் அதோட சேந்து மேல போயிரும். கீழ அமுக்கிப் பாத்தா என்ன தெரியும்? அதான் இந்தப் பொண்ணு விரல் வச்சுக் காட்டுதே, யாருக்கும் கண்ணு இல்லையா?"

குடல்வால் வெடித்திருந்தது. ஆபரேஷன் செய்து மதினியைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் பிள்ளை பிறந்தது. அழவே இல்லை.

நான் படித்த பாடப் புத்தகத்திலும் ஒரு வயிற்றுப் படம் உண்டு. குடல்வால் கீழே, வலப்பக்கம், என்றைக்கும் அதே இடம். அது ஆம்பளை உடம்பு. எதற்கும் வழிவிட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அந்தப் படத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய எனக்கு, அதைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

அதைவிட ஆத்திரம் பிறகு ஊரில் பேசிய பேச்சு. கத்தி பட்டதால்தான் பிள்ளை தங்கவில்லை என்றார்கள். "சூட்டு வலிக்குப் போயி வயித்தக் கிழிச்சுப்புட்டாய்ங்க" என்று அம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் சண்டைக்குப் போவேன். மதினிதான் என் கையைப் பிடித்து, "விடு பாப்பா, அவுகளும் பேரப்பிள்ளயப் பறிகொடுத்தவுகதான" என்பாள். எனக்கு அவள்மேலும் கோபம் வரும். இவளாவது கத்தக் கூடாதா? ரெண்டு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். மூத்தவன், மூத்தவன் என்றே எல்லாரும் அவனைக் கூப்பிட்டோம். மதினியும் அப்படித்தான் கூப்பிட்டாள். அழாத அந்தப் பிள்ளையை வீட்டில் ஒருத்தரும் கணக்கில் சேர்க்கவில்லை.

போன மாதம் மதினிக்கு வயிறு சரியில்லை என்று ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். என் பேரன் வயசுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. விலாவுக்குக் கீழே இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, "பித்தப்பை எடுத்தாங்களாம்மா?" என்றார். "இல்ல சார், குடல்வாலு." அவர் சிரித்தார். "குடல்வால் இவ்வளவு மேல இருக்காதும்மா. நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

இத்தனை வருஷம் கழித்துமா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள், மதினி படுத்தபடியே தழும்பின்மேல் சுட்டுவிரலை ஊன்றினாள். டாக்டர் இந்தத் தடவை அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப இங்கனதான் இருந்துச்சு சார்" என்றாள். "எம் மூத்த பிள்ள தள்ளி வச்சிருந்துச்சு."