மீனாம்பாளை யார் கூப்பிடுவது

என் அண்ணி வேணிக்குச் சண்டை போட வராது. அதனாலேயே அவளிடம் எங்கள் வீட்டில் யாரும் ஜெயித்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், ஸ்கூல் வேலையை விட்டுவிடு என்றாளாம் அம்மா. "சரிங்கத்தை" என்றாள் அண்ணி. மறுநாள் காலை டிபன் டப்பாவோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். இன்று வரை நிற்கிறாள். திருவானைக்காவலில் பஸ் ஏறி, உறையூரில் இறங்கி, ஒரு நர்சரி ஸ்கூலில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுத் திரும்பி வருகிறாள்.

அண்ணி மண்ணச்சநல்லூர்ப் பெண். அவளுடைய அப்பா அங்கே ரைஸ் மில்லில் மெக்கானிக். மில் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால் எங்கள் வீட்டுச் சத்தம் அவளுக்கு உறைக்கவில்லை என்பது என் எண்ணம். என் அண்ணன் ரெங்கராஜ் துவாக்குடியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். வீட்டில் பேச்சு சூடானால் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். அப்பா அழகிரி ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு சூடானால் அவருக்குக் கடையில் ஏதோ வாங்க வேண்டியிருக்கும்.

ஆறு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வாரம்தான் அண்ணி அதைச் சொன்னாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். எல்லோரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"பொண்ணு பொறந்தா மீனாம்பாள்னு வைக்கலாம்னு இருக்கேன்."

அம்மா கையில் இருந்த தோசைத் திருப்பி அப்படியே நின்றது. அண்ணனுக்குக் கொட்டாவி வந்தது. அப்பா செருப்பைத் தேடினார்.

மீனாம்பாள் என்பது அப்பாவின் அம்மாவுடைய பெயர். அந்த அம்மாள் என் அம்மாவைப் பத்து வருஷத்துக்கு மேல் படுத்தி எடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எங்கள் தெருவுக்கே தெரிந்த கதை அது. அந்தப் பெயரை அம்மா தன் வாயால் சொன்னதே கிடையாது. மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று பழக்கப்பட்டவள். இத்தனைக்கும் என் அம்மா சித்ராதேவி பயந்த சுபாவம் உள்ளவள் அல்ல. இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஸ்கூட்டியில் திருச்சி முழுக்கச் சுற்றுகிறவள், பாலிசி வேண்டாம் என்று சொன்னவனையும் விடாமல் பாலிசி போட வைத்துவிட்டு வருகிறவள். ஆனால் மீனாட்சி அம்மனை 'மதுரை அம்மன்' என்றுதான் சொல்வாள். எதிர்வீட்டு மீனாவுக்கு எங்கள் வீட்டில் 'சரத்குமார் சம்சாரம்' என்று பெயர்.

"அந்தப் பேரை வைக்கக்கூடாது" என்றாள் அம்மா.

"எந்தப் பேருங்கத்தை?" என்று கேட்டாள் அண்ணி. நக்கலே இல்லாத முகம். அதுதான் கொடுமை.

"அதான், இப்ப நீ சொன்னியே, அது. கிழவி பேரு. ஸ்கூல்ல எல்லாரும் ஆயான்னு கூப்பிடுவாங்க."

"சரிங்கத்தை."

அந்த 'சரி'யைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது, பெயர் முடிவாகிவிட்டது என்று.

அந்தப் பெயர் எப்படிப் பிடித்தது என்று தனியாக இருக்கும்போது கேட்டேன். எங்கள் வீட்டுத் தூக்கு, குடம், அண்டா எல்லாவற்றிலும் 'மீனாம்பாள்' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். நாலு வருஷமாக அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறாளாம். "இந்த வீட்டுல எனக்கு இதுவரைக்கும் புத்தி சொல்லாத ஒரே ஆள் அவங்கதான்" என்றாள். பிறகு, "என் கிளாஸ்ல தன்விகா நாலு பேரு, யாஷிகா மூணு பேரு. மூக்கு ஒழுகுற தன்விகாவைக் கூப்பிட்டா ஒழுகாத மூணும் வந்து நிக்குது. என் பொண்ணைக் கூப்பிட்டா என் பொண்ணு மட்டும் வரணும், அவ்வளவுதான்" என்றாள்.

"அம்மா அந்தப் பேரைச் சொல்லவே மாட்டாங்க அண்ணி."

"பழகிடும்."

அம்மா என்னிடம் தனியாக வந்தாள். அண்ணியிடம் சொன்னது எல்லாம் மேல்பூச்சு. "நான் எப்படிடி அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவேன்? என் மகன் பெத்த பிள்ளையை நான் கூப்பிட முடியாம நிக்கணுமா?"

"சொல்லித்தான் பாருங்களேன். அவங்க செத்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு."

"ஊரைச் சுத்திட்டு வந்தவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

அடுத்த வாரமே என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனாள். அங்கே எண் கணிதம் பார்த்துப் பெயர் வைக்கிற ஒருவரிடம் இந்தப் பெயர் ஆகாது என்று எழுதி வாங்கிவிட வேண்டும் என்பது திட்டம். நான் எதற்கு என்று கேட்டேன். "பேரைச் சொல்றதுக்கு ஒரு வாய் வேணாமா?" என்றாள்.

அவர் கேட்டார்: "என்ன பேரும்மா யோசிச்சிருக்கீங்க?"

அம்மா என் இடுப்பில் இடித்தாள். "மீனாம்பாள்" என்றேன்.

அவர் கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "அடடா, இதைவிட நல்ல நம்பர் அமையாதும்மா. யார் சொன்ன பேரு?"

"நல்லாப் பாருங்க" என்றாள் அம்மா.

"நல்லாத்தான் பார்த்தேன். அரசாங்க உத்தியோகம், தீர்க்காயுசு."

"தீர்க்காயுசுதான் தெரியுமே" என்று முணுமுணுத்தபடி அம்மா எழுந்துவிட்டாள். வண்டியைக் கிளப்பும்போது, "இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலை. போர்டு மட்டும் பெருசா வெச்சிருக்கான்" என்றாள். கொள்ளிடக் காற்றில் தலைமுடி முகத்தில் அடிக்க, வீடு வரும் வரை திட்டிக்கொண்டே வந்தாள். எண் கணிதத்தைத் திட்டினாளா அண்ணியைத் திட்டினாளா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பெண்தான் பிறந்தது. பெயர் வைக்கிற அன்று குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. அதாவது நான். இந்த முறையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் யாருக்கும் தங்கச்சியாக இருந்திருக்க மாட்டார்கள். காலையில் அம்மா குளியலறை வாசலில் என்னை மடக்கினாள்.

"யஷ்விகான்னு சொல்லிடு. காதுக்குள்ளதானே சொல்லப் போறே? யாருக்குக் கேக்கப் போகுது?"

"குழந்தைக்குக் கேக்கும்மா."

"அது என்ன உன்னைக் காட்டியா குடுக்கப் போகுது?"

அண்ணியிடம் போய், என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லும்மா" என்றாள். ஆளாளுக்கு ஒரு வழியில் என் கழுத்தைப் பிடித்தார்கள். இதை இத்தோடு முடித்துவிட வேண்டும் என்ற கடுப்பில், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி மூன்று முறை "மீனாம்பாள்" என்று சொன்னேன். குழந்தை பயந்து வீறிட்டது. சர்க்கரைத் தண்ணீரை வைத்து நான்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

ஆனால் தொல்லை அத்தோடு முடியவில்லை. அம்மா குழந்தையை 'குட்டி' என்றாள், 'பட்டு' என்றாள், 'இந்தா', 'ஏய்', 'இங்க பாரு' என்றாள். அண்ணியோ முழுப் பெயரையும் ஒரு எழுத்து குறையாமல் கூப்பிடுவாள். மீனு என்று சுருக்கப் பார்த்த அண்ணனையும், "பேரு மீனாம்பாள்ங்க" என்று திருத்தினாள். அவன் மறுபடி தூங்கப் போனான். லீவு முடிந்து அண்ணி ஸ்கூலுக்குப் போனதும், பகல் முழுக்கப் பிள்ளை அம்மாவிடம் இருந்தது. அம்மா கஸ்டமர் வேலையை எல்லாம் போனிலேயே முடித்தாள். பிள்ளை தவழ ஆரம்பித்தது. குட்டி என்றால் திரும்பாது, பட்டு என்றால் திரும்பாது. அம்மா கை தட்டுவாள், தட்டைத் தட்டுவாள், நாக்கைச் சொடுக்குவாள்.

"நாய்க்குட்டியைக் கூப்பிடுற மாதிரி இருக்கும்மா. பேரைச் சொல்லுங்களேன்."

"உன் வேலையைப் பாரு."

ஒருநாள் பிள்ளை அம்மாவுடைய செல்போன் சார்ஜரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அம்மா கை தட்டினாள். பயனில்லை. எழுந்திருக்க முட்டிவலி. "அடியே... மீனாம்பா!" என்று கத்தினாள்.

பிள்ளை சட்டென்று திரும்பிச் சிரித்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் எதற்கோ காத்திருக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார். "மீனாம்பா" என்றாள் மறுபடி, இந்த முறை மெதுவாக. பிள்ளை மறுபடியும் சிரித்தது.

அப்பாடா, தொல்லை விட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. அம்மா வாயில் இருந்து வேறு பேச்சே வரவில்லை.

"ஏண்டி மீனாம்பா, பருப்பு சாதத்தைத் துப்புறியா? உப்பு பத்தலையோ? என்னைக்குத்தான் உனக்குப் பத்தியிருக்கு? மீனாம்பா, எங்கப்பாவுக்கு முடியலைன்னு ஆள் வந்து சொன்னப்ப, மாவை ஆட்டி வெச்சுட்டுப் போன்னியே, ஞாபகம் இருக்காடி? நான் போய்ச் சேர்றதுக்குள்ள மூஞ்சியை மூடிட்டாங்கடி. சிரிக்கிறியா? சிரி, சிரி. அன்னைக்கும் நீ சிரிச்சவதானே!"

பிள்ளைக்குக் கொண்டாட்டம். கையைக் காலை உதைத்துச் சிரித்தது. அப்பா ஒரு நாளைக்கு மூன்று முறை கடைக்குப் போனார். "போதும்மா" என்று நான் சொன்னால், "விளையாட்டுக்குத்தாண்டி" என்பாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

ஒரு சாயங்காலம் அண்ணி வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே இது நடந்துகொண்டிருந்தது. பையைக்கூட வைக்காமல் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"அத்தை, அந்தச் சண்டையை இவகிட்டப் போடாதீங்க."

அண்ணியின் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நீதானே அந்தப் பேரை வெச்சே?" என்றாள் அம்மா. "வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"இவளுக்குன்னு வெச்சேன். இவ எட்டு மாசப் பிள்ளை. இவ யாரையும் மாவாட்டச் சொல்லலை. பேரு பழசா இருக்குன்னுதானே சொன்னீங்க? மனசுல இவ்வளவு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பேரையே சொல்ல முடியாதவ வேற எதைடி சொல்றது?"

அண்ணி இந்த முறை 'சரிங்கத்தை' என்று சொல்லவில்லை. பிள்ளையை என் மடியில் திணித்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க. என்கிட்ட சொல்லுங்க."

இதைக் கேட்காமலேயே இருந்திருக்கலாம். இரண்டு மாதமாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். தினமும் சாயங்காலம் காபிக்குப் பிறகு தொடங்கும். அண்ணி நோட்டுத் திருத்தியபடி "ம்" கொட்டுவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. நான் பெட்டியைக் கட்டலாம் என்று நினைக்கும்போதெல்லாம் யாராவது என் மடியில் மீனாம்பாளை வைத்துவிடுகிறார்கள்.

நேற்று அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் மெல்லக் கேட்டார்: "எது வரைக்கும் வந்திருக்கா?"

"அண்ணன் பொறந்த வருஷம்."

"அப்ப இன்னும் நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிள்ளை என் மடியில் இருந்து நழுவி, அவர் பின்னாலேயே வாசலுக்குத் தவழ்ந்தது. உள்ளே அம்மாவின் குரல் ஏறிக்கொண்டிருந்தது.

"பச்ச உடம்புக்காரி நான். அந்தம்மா வந்து நின்னுக்கிட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? அதான், உன் மாமனாரைப் பெத்த மகராசி... மீனாம்பா, படி இருக்கு பாரு, விழுந்துடுவே, இந்தப் பக்கம் வாடி தங்கம்... எங்க விட்டேன் வேணி?"