பீரங்கிக் கூண்டுச் சாமி

பேரங்காடியின் நிலத்தடித் தளத்தில் மருமகள் காரை நிறுத்தினாள். கதவைத் திறந்ததும் ஈரச் சிமெண்டு வாடை. அந்தக் கடற்கரைக் கூண்டேதான்!

அப்போது நான் சிறுமி, சப்பான்காரன் காலம். வெள்ளைக்காரன் கடலைப் பார்த்துச் சிமெண்டில் கட்டிய பீரங்கிக் கூண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருந்தான். கிளிஞ்சல் பொறுக்கப் போன நானும் அக்காவும் உள்ளே நுழைந்தோம். துப்பாக்கி நீட்டும் ஓட்டைக்குக் கீழே மஞ்சள் பூசிய ஒரு கல். கூண்டின் உள்மூலையில் ஒரே இருட்டு. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, மடியிலிருந்த அவித்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டைப் படைத்தாள். மறுநாள் கிழங்கைக் காணோம். தினமும் படைத்தாள், தினமும் காணாமல் போனது.

சாமி எப்படிச் சாப்பிடும்? எனக்குப் பார்த்தே ஆகவேண்டும். ஒருநாள் வெளியிலிருந்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். இருட்டிலிருந்து எலும்பும் தோலுமாக ஒரு கை நீண்டு கிழங்கை எடுத்தது.

"அக்கா, உள்ள ஆள் இருக்கு!"

அவள் திடுக்கிடவே இல்லை. என் வாயைப் பொத்தினாள். சயாமில் ரயில் பாதை போட, சப்பான்காரன் தமிழ் ஆட்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"சாமிடி. யார் கேட்டாலும் சாமிதான்."

மறுநாள் என் பங்குக் கிழங்கையும் படைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்ன அத்தே, கார் பார்க்குல சாமி கும்பிடுறீங்க?" என்றாள் மருமகள்.