பழனியம்மாளின் முறை

போன வாரம் காந்திபுரத்தில் ஒரு கடைக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போயிருந்தேன். வேலையாட்கள் அதன் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துப் போட்டார்கள். புது அட்டையின் வாசனை வந்ததும் என் உடம்பு என்னைக் கேட்காமலே ஒரு கையைத் தரையில் ஊன்றக் குனிந்துவிட்டது.

"ஏனுங்க, ஏதாச்சும் உழுந்துபோச்சுங்களா?" என்றார் கடைக்காரர்.

இல்லை என்று சொல்லி, சட்டையை இழுத்துவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்தேன். இந்தத் தொப்பைக்காரன் ஒரு காலத்தில் பிரேக் டான்ஸ் சொல்லிக்கொடுத்தவன் என்றால் அவர் சிரித்திருப்பார். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை.

அப்போது வார நாட்களில் எனக்கு ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மாஸ்டர். நண்பன் யூசுப்பும் நானும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மொட்டை மாடிக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தோம். யூசுப் வீட்டில் கோட்டைமேட்டில் தலைமுறையாக மெத்தை தைக்கிறவர்கள். விழுந்து பழக மெத்தைகளை அவன்தான் கொண்டுவருவான். கடைகளில் கேட்டு வாங்கிய அட்டைகளைத் தரையில் ஒட்டுவோம். பஞ்சுத் தூசி, வியர்வை, யாராவது முட்டியில் தேய்த்திருக்கும் தைலம், இந்த மூன்றும் கலந்ததுதான் எங்கள் வகுப்பின் வாசனை.

புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் நாளே தலையை ஊன்றிச் சுற்ற வேண்டும் என்று ஆசை. நாங்களோ முதல் மாதம் முழுக்க நிற்கத்தான் சொல்லிக்கொடுப்போம். பாட்டின் தாள அடி எங்கே விழுகிறது என்று காதால் பிடித்து, நின்றபடியே கால் மாற்றி வைக்க வேண்டும். அதற்கு டாப் ராக் என்று பெயர். அதற்கப்புறம்தான் கையை ஊன்றிக் கால்களைச் சுழற்றுவது, கடைசியில் சிலைபோல உறைந்து நிற்பது எல்லாம்.

யூசுப்புக்கு அடவுகளைவிட வட்டம்தான் முக்கியம். எல்லோரும் வட்டமாக நிற்க, ஒவ்வொருவராக உள்ளே போய் ஆட வேண்டும். அமெரிக்காவில் ஏழைத் தெருக்களில் கறுப்பினப் பிள்ளைகளும் அவர்களோடு வளர்ந்த மற்றவர்களும் உண்டாக்கிய ஆட்டம் இது, அடித்துக்கொள்வதற்குப் பதிலாக ஆடி மோதிக்கொண்டார்கள் என்று விளக்குவான். "கை ஓங்கலாம், கிண்டல் பண்ணலாம். மேல தொடக்கூடாது. ஆடறது பாதி, நின்னு பாக்கறது பாதிங்க" என்பான்.

எங்களிடம் படித்தவர்களில் சரவணன் தொண்டாமுத்தூர்க்காரன். அவன் சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா பழனியம்மாள் தோட்ட வேலைக்குப் போகிறவர். சரவணன் நன்றாக ஆடுவான், குறைவாகப் பேசுவான். ஒரு சாயங்காலம் வேலைக்குப் போகும் வழியில் அவன் பைக்கில் லாரி மோதிவிட்டது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனியம்மாள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். துணிப்பையில் மகனின் முட்டி உறைகள் இருந்தன. "உங்களுதுன்னு நெனச்சு எடுத்தாந்தேனுங்க" என்றார். அவனுடையதுதான் என்றோம். பையை மடியில் வைத்துக்கொண்டு, "செத்த நேரம் உக்காந்து பாக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் டவுன் பஸ் பிடித்து வந்தார். ஒருநாள் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, புதியவர்களின் கடைசி வரிசையில் நின்றார். "அவன் என்ன ஆடுனான்னு எனக்குத் தெரியோணுங்க."

யூசுப் தயங்காமல், "வாங்கம்மா, வலது கால் முன்னால" என்றான். முதலில் சில பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. அடியைப் பிடிப்பதில் அவர்களைவிட அவருக்குக் காது கூர்மை.

ஒரு ஞாயிறு வட்டம் கட்டியிருந்தோம். நந்தினி என்ற கல்லூரிப் பெண் ஆடி முடித்து, நெஞ்சைத் தொட்டு, உள்ளங்கையை எதிரே நீட்டினாள்.

"நிறுத்துங்க கண்ணு!" என்று பழனியம்மாள் சத்தம் போட்டார். "இந்தக் கை என்னங்க? இதுக்கு என்னங்க அர்த்தம்?"

யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

"அவன் கடைசியா வேலைக்குக் கெளம்புன அன்னைக்கு நான் வஞ்சுபோட்டேனுங்க. தலகீழா நின்னா சோறு வருமான்னு கேட்டுப்போட்டேன். அவன் இதே மாதிரி நெஞ்சத் தொட்டுக் கைய நீட்டிப்போட்டு வண்டிய எடுத்துட்டுப் போனான். சீ போன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டானோன்னு இத்தன நாளும்..."

அந்தச் சைகைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. போட்டியில் காட்டினால், முடிந்தால் செய்துபார் என்ற சவால். நண்பர்கள் வட்டத்தில் காட்டினால் அழைப்பு. இரண்டும் எனக்குத் தெரியும்.

யூசுப் சொன்னான்: "உங்க முறைன்னு அர்த்தம்மா. நான் ஆடிட்டேன், அடுத்தது நீங்க வாங்கன்னு கூப்புடறது."

பழனியம்மாள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். பிறகு, "பாட்டப் போடுங்க" என்றார்.

வட்டத்துக்குள் போனார். கற்றுக்கொண்ட சில அடிகளைத்தான் ஆடினார். வலது, இடது, திரும்பவும் வலது. முகத்தில் அழுகை இல்லை. பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிற கவனம்தான் இருந்தது. முடித்ததும் நெஞ்சைத் தொட்டுக் கையை நீட்டினார். எங்கள் யாரையும் பார்த்து நீட்டவில்லை. அதனால் யாரும் உள்ளே போகவில்லை. கை நீட்டியபடியே இருக்க, பாட்டு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பிற்பாடு டீக்கடையில் யூசுப்பிடம் கேட்டேன், "சரவணன் அதைத்தான் சொன்னான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுடா. ஆனா நம்மகிட்ட அவன் எப்பவும் அப்படித்தான் கை நீட்டுவான்."

பழனியம்மாள் அதன்பிறகு வரவில்லை. நாங்கள் தேடிக்கொண்டு தொண்டாமுத்தூர் போனோம். சோறு போட்டார். நந்தினியை, சிரித்த பையன்களை, எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்தார். வகுப்புக்கு வாங்க என்றதற்கு, "போதுங்க கண்ணு. தெரியோணும்னு நெனச்சது தெரிஞ்சுபோச்சு" என்றார். அதற்கப்புறம் ஊரைவிட்டு அண்ணன் வீட்டோடு கொடுமுடிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

யூசுப் இப்போது துபாயில் இருக்கிறான். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினால் பதில் வரும். ஜவுளிக்கடைக் கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே உயரமாக ஒரு லாட்ஜ் கட்டிவிட்டார்கள். ஃபிரிட்ஜுக்குப் பணம் கட்டிவிட்டு எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வரிசை வரிசையாக ஒரே மாதிரி ஜன்னல்கள், ஒன்றில் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள். எந்த ஜன்னல் உயரத்தில் எங்கள் தரை இருந்தது என்று எவ்வளவு நேரம் பார்த்தும் பிடிபடவில்லை.