கண்ணுக்குள் ஒரு ரசமட்டம்

கண் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நானும் அக்காவும் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் இல்லை. அன்று கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போடும் வேலை. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். கான்கிரீட் கொட்டத் தொடங்கிவிட்டால் பாதியில் இறங்கி வர முடியாது. அக்காவும் சித்தாள்தான்; எனக்காகக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான்.

ஒன்பது நாட்களுக்கு முன் என் இடது கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கத் தொடங்கின. ஓரத்தில் அவ்வப்போது வெளிச்சம் வெட்டியது. அரசு எழுத்தர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். ஒவ்வொரு நாளையும் அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து நோட்டில் எழுதுவேன்; முடித்ததும் டிக் அடிப்பேன். சனிக்கிழமை மாதிரித் தேர்வு. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 'கண்' என்று எழுதினேன். ஞாயிறு விட்டுப்போன பாடத்துக்குப் போயிற்று. 'கண்' அடுத்த வாரத்துக்கு நகர்ந்தது. புதனன்று ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறிவந்து எழுத்துகளை மூடியது.

விழித்திரை விலகல் (கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை உணரும் மெல்லிய படலம் பிரிந்துவிடுவது) என்றார் மருத்துவர்.

"ஏன் உடனே வரல?"

"மாடல் டெஸ்ட் இருந்துச்சு மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நடுப் பகுதி வரைக்கும் பிரிஞ்சிருக்கு. ஒட்டிடலாம். பழைய பார்வை முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் அறுவை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை நிரப்பினார்கள். குமிழி மேல்நோக்கி எழும்பிப் படலத்தைச் சுவரோடு அழுத்தும். அதற்காகப் பத்து நாள் குப்புறக் கிடக்க வேண்டும். உயரத்தில் குமிழி விரியுமாம்; அது கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது என்றும் மருத்துவர் சொன்னார்.

அக்கா சிரித்துவிட்டாள். "நாங்க எங்க மேடம் ஏறப் போறோம்? லாஸ்பேட்டையில ஏர்போர்ட்டு மதிலோரம் குடியிருக்கோம், அவ்ளோதான்."

முதல் ஐந்து நாளும் தலையணையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு செல்போனில் பாடம் கேட்டேன். பத்து நாளில் எத்தனை கட்டம் வீணாகிறது என்று கணக்குப் போட்டேன். அக்காவிடம் புலம்பவும் செய்தேன்.

"இன்னாடா, தளம் போட்டா தண்ணி கட்டி வுடுறோம்ல? அது மேல எவனயாச்சும் நடக்க வுடுவமா? கம்முனு கெட."

ஆறாம் நாள் தரையைப் பார்த்தபோது இடது கண்ணில் ஒரு வட்டம் தெரிந்தது. ஓரம் மினுங்கியது. நான் மூச்சுவிட்டால்கூட நடுங்கியது. பாடம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை. என் உடம்புக்குள் இருக்கும் ஒரு பொருளை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழிந்து எழுந்து உட்கார்ந்தபோது வட்டம் கோடாகியிருந்தது. அதற்கு மேலே உலகம் தெரிந்தது, கீழே ஏதோ தளும்பியது. தலையைச் சாய்த்தேன். கோடு சாயவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"அப்பாவோட ரசமட்டம் மாரின்னு சொல்லு," என்றாள் அக்கா. சுவர் மட்டம் பார்க்க அப்பா வைத்திருக்கும், உள்ளே குமிழி ஓடும் கருவி அது.

"நம்ம ஜாமான் உள்ள எப்டிடா போச்சு?" என்றார் அப்பா. வேலைக்குப் போகும்முன் தினமும், "இன்னிக்கி எவ்ளோ கொறஞ்சிருக்கு?" என்று கேட்பார். அவருக்குச் சொல்வதற்காகவே காலையில் முதலில் குமிழியைப் பார்ப்பேன். கடைசி நாள் அது கடுகளவு இருந்தது. மறுநாள் இல்லை. தேடினேன்.

நோட்டை நான் விட்டுவிடவில்லை. தேர்வு எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அதை எழுத வேறு ஆள் இல்லை. ஆனால் உடம்பைக் கட்டத்துக்குள் எழுதுவதை விட்டுவிட்டேன். உங்களுக்குப் புள்ளியோ மின்னலோ தெரிந்தால் அன்றே போங்கள். குமிழி வைத்தார்களானால், கிடக்கிற நேரத்தில் அதைப் பாருங்கள்.

படலம் ஒட்டிக்கொண்டது. ஆனால் இடது கண்ணுக்கு நேர்க்கோடு கொஞ்சம் வளைந்து தெரிகிறது. அதைச் சொன்னபோது, தான் கட்டிய சுவரில் அப்பா ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார்.

"செவுரு நேராத்தான்டா இருக்கு," என்றார். சுவரிலிருந்து கையை உடனே எடுக்கவில்லை.

நான் தள்ளிப்போட்ட ஒன்பது நாளுக்கு நாங்கள் கொடுத்தது: அக்காவின் பதினாறு நாள் கூலி, அம்மாவின் தோடு, கண் பரிசோதிக்கும் பலகையில் கீழ் மூன்று வரிசை.