வயிற்றுச் சூட்டில் நாற்பது தேனீக்கள்

ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த வீரையா, பல்கலைக்கழகப் பூச்சி ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு வருடமும் நான்கு மாதமும் உதவியாளராக இருந்தார். கண்ணாடிச் சாமான் கழுவுவது வேலை. யாரும் கேட்காமலே நேரமும் வெப்பநிலையும் எழுதிவைப்பது பழக்கம்.

"எம் பொறந்த நாளு நெனப்பில்ல, பூச்சிக்கு மட்டும் மணிக்கணக்கோ?" என்பாள் மனைவி புஷ்பம்.

பத்தொன்பது கொப்பிகள் நிரம்பின. ஒன்றையும் யாரும் விரித்துப் பார்த்ததில்லை.

2023 ஒக்டோபரில் ஆராய்ச்சி மாணவி கைரியா நாற்பது தேனீக் கூட்டுப்புழுக்களை அவர் பொறுப்பில் விட்டார். கூட்டுப்புழுவின் தோல் முதலில் பால்வெள்ளை. உடலில் ஓர் ஓமோன் ஏறிப் பிறகு வடிந்தால்தான் அது கறுத்து இறுகித் தேனீக்குக் கவசமாகும். நம் ஊர்த் தேனீயிலும் அப்படித்தானா என்று பார்க்க, இருபதுக்கு அந்த ஓமோன் வடியாதபடி ஊசியால் மேலும் ஏற்றினார். இருபதுக்கு வெறும் உப்புநீர். இரண்டும் தனித்தனித் தட்டில்.

"சூட்டுப்பெட்டி முப்பத்து நாலு டிகிரிலயே நிக்கணும் அண்ணே. குளிர் பட்டாலும் கறுக்கப் பிந்தும். அப்பொறம் ஓமோனா குளிரான்னு சொல்லேலா."

28ஆம் திகதி, சனிக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை. காலை 9.10க்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் பழுது. வத்தேகமவில் இருந்த கைரியாவுக்கு அழைப்புப் போகவில்லை. 9.40க்குப் பெட்டி 31. வீரையா இரண்டு தட்டுகளையும் துணியில் சுற்றி, நடுவில் வெப்பமானியைச் செருகி, சுவெட்டருக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காவலாளி ஜெயராஜ் எட்டிப் பார்த்தான். "என்ன வீரையாண்ணே, மாசமா இருக்கீங்களா?"

"ஆமாடா, நாப்பது புள்ள. சிரிக்க வைக்காத, குலுங்கும்."

12.25க்குக் கரண்ட் வந்தது. தட்டுகள் பெட்டிக்குத் திரும்பின. வீரையா பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. எழுதினால் கைரியா மிஸ்ஸின் ஐந்து மாத உழைப்பு குப்பைக்குப் போகலாம். எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்? 12.40 வரை வெற்றுத் தாளைப் பார்த்திருந்துவிட்டு, ஒன்றையும் மறைக்காமல் எழுதினார்.

திங்கட்கிழமை உப்புநீர்த் தட்டில் எல்லாம் கறுக்கத் தொடங்கிக் கபில நிறம். ஓமோன் தட்டு இன்னும் வெள்ளை. கைரியா கொப்பியைப் படித்தார். முகம் வாடியது.

"மன்னிச்சிருங்க மிஸ்."

அவர் மறுபடி படித்தார். "ரெண்டு தட்டும் ஒண்ணாவா இருந்திச்சி?"

"ஒண்ணு மேல ஒண்ணு. கால் மணிக்கொருக்கா மேல கீழ மாத்துனேன். நேரம் போட்டிருக்கு பாருங்க."

கைரியா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "அப்ப ரெண்டுக்கும் ஒரே குளிர், ஒரே சூடு. வெள்ளையா நிக்கிறது ஓமோனாலதான். நீங்க எழுதாம உட்டிருந்தா, கரண்ட் போச்சேன்னு யாராச்சும் கேக்கிற நேரம் நான் வாயடைச்சு நின்டிருப்பேன். அல்ஹம்துலில்லாஹ், அண்ணே!"

அந்தப் பக்கத்தை அவர் பிரதி எடுத்து, தன் ஆய்வேட்டின் கடைசியில் சேர்க்க வைத்துக்கொண்டார். மேலே வீரையாவின் முழுப் பெயரை எழுதினார்.

கைரியா போனபின் வீரையா கொப்பியில் எழுதினார்: "30, திங்கள், 10.15. பெட்டி 34. மிஸ் கொப்பியை வாசித்தார். இரண்டு தடவை."