அக்கா வைத்த ரசம்

எனக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் என் அக்கா. ஹனூர் பக்கத்தில் தோட்டம், மாடு என்று இருப்பவள். மைசூருக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, "என்ற கிட்னி எப்பிடிடி இருக்குது?" என்பாள். என்னை விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். "உன்னை மாதிரியே பிடிவாதமா வேலை பாக்குதுக்கா" என்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு என் பொழுதே மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டுக்கு ஒரு தடவை. தசரா கூட்டத்தில் மாட்டிக்கொண்டாலும் கைப்பையில் ஒரு வேளை மாத்திரை இருக்கும். மருந்துக் கடையில் "இதுவும் அதேதான் மேடம்" என்று வேறு கம்பெனி அட்டையை நீட்டினால் டாக்டரைக் கேட்காமல் வாங்கமாட்டேன். என்னைக் கண்டாலே கடைக்காரருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் நல்ல பெயர் வாங்கப் போவதில்லை.

அக்காவிடம்தான் என் ஜம்பம் பலிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் எனக்குச் சளி பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்றார்கள். அக்காவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, மறுநாளே கொள்ளேகால் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். பையில் தேங்காய், அவரைக்காய், அவற்றுக்கு அடியில் வேலியிலிருந்து அறுத்த சீந்தில் கொடி. இங்கே அதை அம்ருதபள்ளி என்பார்கள். கொரோனா காலத்தில் அக்கா வீட்டில் அந்தக் கசாயத்துக்குத் தப்பியவர் யாருமில்லை. மாடுகளை விட்டாளா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

"ஒடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லாமத்தான் சளி புடிக்குது. நாலு நாள் குடி, கல்லாட்டம் ஆயிருவ."

"வேண்டாங்கா. டாக்டரைக் கேக்காம எதுவும் சாப்பிடக் கூடாது. அதுலயும் சக்தி ஏத்தறது எனக்கு ஆகவே ஆகாது."

அவள் முகம் தொங்கிப்போனது. "கிட்னிய வாங்கிக்குவ. கசாயத்த வாங்கிக்க மாட்டயா?"

சமையலறையை அவளிடம் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்று இரவு ரசம் லேசாகக் கசந்தது. சளி பிடித்த நாக்கு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானமும் கசந்தது. எழுந்துபோய் ரசப் பாத்திரத்தில் கரண்டியை விட்டுத் துழாவினேன். துணியில் முடிந்த சின்ன மூட்டை ஒன்று மேலே வந்தது. பிரித்தால், உள்ளே நசுக்கிய சீந்தில் கொடி.

கத்தினேன். கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "என்னைக் கொல்லப் பாக்கறியா?" என்றுகூடக் கேட்டேன், தன் உடம்பை அறுத்துக் கொடுத்தவளைப் பார்த்து. அக்கா ரசத்தைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள். "நல்லதுன்னுதான் போட்டன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் போன்றவர்களைக் கவனிக்கும் நர்ஸுக்குப் போன் செய்தேன். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, இரவு வழக்கம்போலப் போடுங்கள், காலையில் ரத்தம் கொடுத்த பிறகுதான் அடுத்த வேளை, மாத்திரையைக் கையோடு கொண்டுவாருங்கள், மிச்சமிருக்கும் கொடியையும் எடுத்து வாருங்கள் என்றார். காலையில் நான் கிளம்பும் முன் அக்கா புடவை மாற்றித் தயாராக நின்றாள். ஆட்டோவில் போகும்போது சிறுநீரகத்துக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற ஒரே பயம்தான் எனக்கும் அவளுக்கும்.

ரத்தம் எடுத்ததும் மாத்திரையை விழுங்கினேன். நர்ஸ் அக்காவைத் திட்டவில்லை. அதற்கே அவருக்குக் கோடி புண்ணியம். பக்கத்தில் உட்காரவைத்துக் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். உங்கள் தங்கை உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு இந்தச் சிறுநீரகம் வெளியாள். விட்டால் தாக்கி அழித்துவிடும். அந்தச் சக்தியை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. இந்தக் கொடி அதைத் தட்டி எழுப்பிவிடக்கூடும்.

அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள். "என்னையவா வெளியாளுங்குது உன்ற ஒடம்பு?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறவில்லை, சிறுநீரகத்துக்கு இப்போதைக்குப் பயமில்லை. ஆனால் அடுத்த வாரம் மறுபடியும் ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூட அக்காவின் பல்லில் பட்டிருக்கவில்லை. இட்லி ஊற்றி அவளை உட்காரவைத்தேன். ஒரு விள்ளலைப் பிட்டவள் வாயில் வைக்காமல் அப்படியே இருந்தாள்.

"மாத்திரைய நிறுத்துனா என்னையத் தொரத்திருமா?"

"ஆமாக்கா."

"எத்தன நாளைக்குப் போடோணும்?"

"சாகற வரைக்கும்."

"அப்ப சாவற வரைக்கும் மாத்திரை போட்டுத்தான் என்னைய வெச்சுக்கோணும்."

"வெச்சுக்கறேன்க்கா" என்றேன்.

இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததை அக்கா அப்போதுதான் அழுது தீர்த்தாள்.